செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியமும் கம்ப்யூட்டருக்குள் ஒரு தொழிற்சாலையும்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் தேசிங்கு ராஜாதான் ஞாபகத்துக்கு வருவார். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி உயிர்விட்ட அந்த இளைஞர், கதைப்பாடல்களில் இன்னும் குதிரையை விரட்டிக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது இல்லை. கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு கட்டடத்தில் தொடங்கி, எங்கெங்கோ சுற்றிவிட்டு, மறுபடி செஞ்சிக்கே வரப்போகிறது. கொஞ்சம் பொறுமை தேவை.

ராஜகிரி மலையின் அடிவாரத்தில், உள்கோட்டைக்குள் நுழைந்தால் கல்யாண மகால் இருக்கிறது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. பக்கத்திலேயே குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக் கூடம், அப்புறம் தடித்த சுவர்களும் வளைந்த கூரையுமாக ஒரு பெரிய நெற்களஞ்சியம். உள்ளே போகிறவர்கள் ஒரு தடவை சத்தம் போட்டு எதிரொலி கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். மலை உச்சியிலும் ஒரு களஞ்சியம் உண்டு. ஏறத்தாழ 800 அடி உயரம் ஏறிக் களைத்து வந்தவர்களுக்கு அதைப் பார்க்கத் தெம்பு இருக்காது, பாவம்.

இந்தக் களஞ்சியத்தில் எத்தனை மூட்டை பிடிக்கும்? கோட்டைக்குள் எத்தனை வாய்? எத்தனை மாதம் தாங்கும்? எவ்வளவு குறைந்ததும் அடுத்த வண்டிகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்? வண்டி வர எத்தனை நாள் ஆகும்? வழியில் மடக்கிவிட்டால்? ராஜா ராணி கதைக்குள் அடங்காத இந்தக் கேள்விகளுக்கு இன்றைக்குக் கல்லூரியில் ஒரு பெயர் இருக்கிறது. உற்பத்தி மற்றும் செயல்பாட்டு மேலாண்மை. பி.பி.ஏ., எம்.பி.ஏ. மாணவர்கள் செல்லமாக ‘ஆபரேஷன்ஸ்’ என்பார்கள். (பயந்தால் ‘அந்த கணக்கு பேப்பர்’ என்பார்கள்.)

செஞ்சியில் இந்தப் பாடம் ஒரு முறை நிஜமாகவே நடத்தப்பட்டது. கட்டணம்தான் கொஞ்சம் அதிகம்.

சிவாஜி 1677-ல் செஞ்சியைப் பிடித்து அரண்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம், மராட்டியத்தில் இருக்க முடியாமல் தப்பி 1689-ன் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார். அவரைத் துரத்திக்கொண்டு அவுரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகார் கான் 1690 செப்டம்பரில் வந்து முற்றுகை போட்டார். மூன்று மலைகளையும் இணைக்கும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். அதை முழுதாக வளைக்கும் அளவுக்கு அவரிடம் ஆள் இல்லை. ஆக, பெயருக்குத்தான் முற்றுகை; கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு வெளியே போக வர வழி இருந்தது, தானியமும் போய்க்கொண்டிருந்தது. வெளியே கூடாரம் போட்டிருந்த பெரும்படைக்குத்தான் தானியம் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மராட்டியக் குதிரைப்படைகளோடு வந்து இறங்கினார்கள். காஞ்சிபுரத்தின் மொகலாய அதிகாரி அலி மர்தான் கான் சிறைப்பட்டார். தானியம் வரும் வழிகள் அடைபட்டன. முற்றுகை போட வந்தவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். பாளையத்தில் பசி. போதாததற்கு, வடக்கிலிருந்து செய்தியே வராத அந்த நாட்களில் ‘பாதுஷா இறந்துவிட்டாராம்’ என்று ஒரு வதந்தி வேறு. உடன் வந்திருந்த இளவரசர் காம் பக்‌ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேச்சு நடத்துகிறார் என்று அவரையே சிறைவைக்க வேண்டிய நிலைமை. 1693 ஜனவரியில் சுல்ஃபிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். விட்டு விட்டு நீண்ட இந்த முற்றுகை 1698-ன் தொடக்கத்தில்தான் முடிந்தது. ராஜாராம் அதற்குள் தப்பிப் போய்விட்டார்.

கவனிக்க வேண்டியது ஒன்று. தானியம் எங்கிருந்து, எந்த வழியில், எத்தனை நாளில் வரும் என்று 1690-ல் எடுத்த முடிவின் பலன் 1692-ன் கடைசியில்தான் தெரிந்தது. நடுவில் இரண்டு வருடம். தவறு என்று தெரியும்போது திருத்த நேரமில்லை. தொழிற்சாலையும் அப்படித்தான். இன்றைக்கு ஓர் இயந்திரம் வாங்க ஆர்டர் போட்டால் அது வந்து இறங்கி ஓடுவதற்குள் சந்தை மாறியிருக்கும். சரக்கைக் குறைத்தது சரியா தப்பா என்பது அடுத்த தீபாவளிக்குத் தெரியும். மூன்று வருடப் படிப்பில் ஒரு மாணவன் எத்தனை தீபாவளி பார்ப்பான்? அப்புறம், இருபது வயதுப் பையனிடம் எந்த முதலாளி தன் தொழிற்சாலையைக் கொடுத்து ‘தம்பி, நாலு தடவை தப்புப் பண்ணிக் கத்துக்கோ’ என்று சொல்லப் போகிறார்?

படைத் தளபதிகளுக்கும் இதே தொல்லை இருந்தது. அதனால் அவர்கள் மேசைமேல் போர் நடத்திப் பழகினார்கள். 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி வகுத்த போர் விளையாட்டு அதில் பெயர் பெற்றது. வரைபடம், கட்டைகள், பகடை, விதிகள். தோற்றால் கட்டைதான் சாகும். (சதுரங்கம் கண்டுபிடித்த நாட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லைதான்.)

தொழிற்சாலைக்கு இப்படி ஒரு விளையாட்டை முதலில் செய்தவர் மேரி பிர்ஷ்டைன் என்ற ரஷ்யப் பெண்மணி. இவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் கண்ணில் படுவதே இல்லை. 1932-ல், லெனின்கிராட் நகரில். புதிதாகத் தொடங்கிய தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலைக்கு அனுபவமுள்ள மேலாளர்கள் தேவைப்பட்டார்கள். தொழிற்சாலை ஓடினால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் தொழிற்சாலை ஓடும். அவர் அந்த உற்பத்தி வரிசையைக் காகிதத்தில் ஓட்டிக் காட்டினார். கம்ப்யூட்டர் என்ற சாதனம் பிறக்காத காலம் அது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ‘மாடல்’ வந்துவிட்டது என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. பின்னால் உபயோகப்படும்.

அமெரிக்காவில் இது மறுபடி பிறந்தபோதும் ராணுவ வாசனையோடுதான் பிறந்தது. 1955-ல் ராண்ட் நிறுவனம் ‘மோனோபலாக்ஸ்’ என்று ஒரு விளையாட்டை உருவாக்கியது. விமானப்படையின் உதிரிபாகக் கிடங்குகளை நிர்வகிப்பதுதான் ஆட்டம். சுல்ஃபிகார் கானுக்கு மிகவும் பயன்பட்டிருக்கும். கடற்படைக் கல்லூரியின் போர் விளையாட்டுகளைப் பார்த்துவிட்டு, இதையே வியாபாரத்துக்குச் செய்தால் என்ன என்று யோசித்த அமெரிக்க மேலாண்மைக் கழகம், 1957-ல் ஐ.பி.எம். 650 கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது. அணி அணியாக உட்கார்ந்து விலை எவ்வளவு, உற்பத்தி எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்று முடிவெடுத்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அடுத்த காலாண்டின் நிலைமையைச் சொல்லும். அதே வருடம் வாஷிங்டன் பல்கலைக்கழக வகுப்பறைக்கும் இந்த வகை விளையாட்டு வந்துவிட்டது. கொஞ்ச நாளில் பிட்ஸ்பர்க்கின் கார்னகி தொழில்நுட்பக் கல்லூரி இன்னும் சிக்கலான ஒன்றை உருவாக்கியது. அதில் மோதிக்கொள்வது மூன்று சலவைத்தூள் கம்பெனிகள். நம் வீட்டு டி.வி.யில் எப்போது பார்த்தாலும் மோதிக்கொள்கிறார்களே, அதே மாதிரி.

அந்தக் கார்னகியில்தான் ஹோல்ட், மொதிக்லியானி, மூத், சைமன் என்ற நால்வர் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் கணக்குகளை வைத்து, எத்தனை பேரை வேலைக்கு வைப்பது, எவ்வளவு தயாரிப்பது, எவ்வளவு கையிருப்பு வைப்பது என்ற மூன்றையும் சேர்த்து முடிவு செய்யும் சூத்திரங்களைத் தேடினார்கள். 1960-ல் புத்தகமாக வந்தது. இதில் சைமனுக்கு 1978-லும் மொதிக்லியானிக்கு 1985-லும் பொருளாதார நோபல் கிடைத்தது. பெயின்ட் டப்பாவை எண்ணுவது கௌரவக் குறைச்சல் என்று அவர்கள் நினைக்கவில்லை.

இனி ஜே ஃபாரஸ்டர். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மனிதர் அடிப்படையில் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். ‘வேர்ல்விண்ட்’ என்ற ஆரம்ப காலக் கம்ப்யூட்டரை உருவாக்கியவர். கம்ப்யூட்டர் வேலை போதும் என்று 1956-ல் எம்.ஐ.டி.யின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளிக்குப் போனார். அங்கே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காரர்கள் ஒரு புதிரோடு வந்தார்கள். கென்டக்கியில் உள்ள அவர்களுடைய வீட்டு உபயோகப் பொருள் தொழிற்சாலைகளில் சில சமயம் மூன்று நான்கு ஷிஃப்ட் ஓடுகிறது. சில வருடம் கழித்துப் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. ஏன்? பொருளாதார ஏற்ற இறக்கம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபாரஸ்டர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் கட்டம் கட்டி எழுதிப் பார்த்தார். இந்த வாரம் கையிருப்பு இவ்வளவு, ஆட்கள் இவ்வளவு, வந்த ஆர்டர் இவ்வளவு. இவர்கள் வழக்கமாக எடுக்கும் முடிவின்படி அடுத்த வாரம் என்ன ஆகும்? அப்படியே வாரம் வாரமாக. வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தால்கூட, வேலைக்கு ஆள் எடுப்பதும் நீக்குவதும் ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஆட்டம் வெளியிலிருந்து வரவில்லை. அவர்களுடைய சொந்த முடிவெடுக்கும் முறையிலேயே இருந்தது.

அந்தப் பென்சில் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற, 1958-ல் ரிச்சர்ட் பென்னட் ஒரு மென்பொருள் எழுதினார். அதிலிருந்து ‘டைனமோ’ என்ற மொழி வந்தது. ஃபாரஸ்டரின் புத்தகம் 1961-ல் வெளியானது. ஆனால் சமன்பாடுகளைக் காட்டினால் யார் நம்புவார்கள்? அதனால் அதே விஷயத்தை ஆட்களை வைத்தே விளையாடிக் காட்டும் ஓர் ஆட்டம் எம்.ஐ.டி.யில் பிறந்தது. அதுதான் உலகப் புகழ் பெற்ற ‘பீர் கேம்’. (பெயரைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். ஒரு சொட்டுகூடக் கிடைக்காது.)

ஆட்டம் எளிது. நான்கு பேர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். சரக்கு வந்து சேர சில வாரம் ஆகும். கையிருப்பில் தேங்கினால் ஒரு பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு. இல்லையென்று சொன்னால் ஒரு டாலர். வாடிக்கையாளர் முதல் நான்கு வாரமும் நான்கு நான்கு பெட்டி கேட்பார். ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டு. அதற்குப் பிறகு கடைசி வரை எட்டுதான். அவ்வளவே மாற்றம்!

ஆனால் நடப்பது என்ன? கடைக்காரர் பயந்துபோய்க் கூடுதலாகக் கேட்பார். கேட்டது உடனே வராததால் இன்னும் கூடுதலாகக் கேட்பார். அந்தப் பயம் மொத்த வியாபாரியிடம் பெரிதாகி, தொழிற்சாலைக்குப் போகும்போது பூதமாகிவிடும். சில வாரம் கழித்து எல்லாச் சரக்கும் ஒன்றாக வந்து இறங்கும். பிறகு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், கிடங்கு வழியும். 1989-ல் ஜான் ஸ்டெர்மன் ஆராய்ந்து சொன்னபடி, விளையாடியவர்களின் சராசரிச் செலவு, மிகக் குறைந்த சாத்தியமான செலவைப் போலப் பத்து மடங்கு. ஆட்டம் முடிந்ததும் தொழிற்சாலைக்காரர், வாடிக்கையாளர்தான் ஏறி இறங்கி ஆடினார் என்று அடித்துச் சொல்வார். உண்மையான கோட்டைக் காட்டுவார்கள்: நான்கு, அப்புறம் எட்டு. வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

நான்கு பேரும் முட்டாள்கள் இல்லை. நாற்காலி மாற்றி வேறு நான்கு பேரை உட்காரவைத்தாலும் இதேதான் நடக்கிறது. ஆளைத் திட்டிப் பழகிய நமக்கு இது ஜீரணமாவது கஷ்டம். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு பத்தி, பரீட்சையில் ஐந்து மார்க். ஒரு தடவை தொழிற்சாலை நாற்காலியில் உட்கார்ந்து தோற்றுவிட்டு எழுந்தால் மறக்காது.

நம் நாட்டுக்கு இந்தச் சங்கதி எப்போது வந்தது? 1949-லேயே ஐதராபாத் மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. 1956-ல் மஹலநோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், கல்கத்தாவில், நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் ஓடியது. 1961-ல் இரண்டு ஐ.ஐ.எம்.கள் பிறந்தன. கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளி துணை நின்றது, அகமதாபாத்துக்கு ஹார்வர்ட். அதனாலேயே கல்கத்தா கணக்குப் பள்ளி என்றும் அகமதாபாத் கேஸ் பேசும் பள்ளி என்றும் இன்றுவரை ஒரு பேச்சு உண்டு. 1963-ல் தொழிற்பொறியியல் பயிற்சிக்கென்றே பம்பாயில் நிட்டி தொடங்கப்பட்டது. (2023-ல் அதுவும் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது.) தமிழ்நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370/155 வந்தது. அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு துளை மாறினால் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கம்ப்யூட்டரையே ஒரு வரிசைப் பிரச்சினையாக வைத்துப் பாடம் நடத்தியிருக்கலாம்!

சிறிய ஊர்க் கல்லூரிகளுக்கு இது எட்டியது பர்சனல் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான். அதிலும் பெரிய புரட்சி செய்தது ஒரு மாணவர். ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் கட்டம் போட்டு ஆசிரியர் கணக்குப் போடும்போது ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து 1979-ல் ‘விசிகால்க்’ கொண்டுவந்தார். இன்றைய எக்செல் அதன் பேரப்பிள்ளை. 1990-களின் தொடக்கத்தில் எக்செலுக்குள்ளேயே ‘சால்வர்’ வந்து உட்கார்ந்தது. டாஹா புத்தகத்தோடு வந்த ‘டோரா’, யீ-லாங் சாங்கின் ‘வின்கியூஎஸ்பி’ போன்றவை நம் ஊர்க் கம்ப்யூட்டர் லேப்களில் புகுந்தன. 1990-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் ‘லிட்டில்ஃபீல்ட்’ என்ற ஒரு கற்பனைத் தொழிற்சாலையை இணையத்தில் ஓடவிட்டார்கள். ராத்திரி மாணவர்கள் தூங்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் மூலப்பொருள் தீர்ந்து மெஷின் சும்மா நிற்கும்.

இங்கே ஒரு சின்ன சோகம். நம் ஊர் வகுப்புகளில் டோரா எப்படிப் பயன்பட்டது? முதலில் சிம்ப்ளெக்ஸ் அட்டவணையைக் கையால் நான்கு பக்கம் போடுவது. போக்குவரத்துக் கணக்கை வடமேற்கு மூலை முறையிலோ வோகல் முறையிலோ தொடங்கிப் போடுவது. அப்புறம் லேபுக்குப் போய் அதே கணக்கை அடித்து அதே விடை வருகிறதா என்று சரிபார்ப்பது. ரெக்கார்ட் நோட்டில் பிரின்ட் அவுட்டை ஒட்டிக் கையெழுத்து வாங்குவது. முடிந்தது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, யார் எண்ணினார்கள், எண்ணாமல் விட்டது எது என்ற கேள்விக்கு இடமே இல்லை. கேள்வியைப் புத்தகம் கொடுக்கிறது, விடையை மெஷின் கொடுக்கிறது. மாணவனுக்கு மிஞ்சுவது டைப் அடிக்கிற வேலை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ரஸ்ஸல் அக்காஃபே 1979-ல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சின் எதிர்காலம் முடிந்துபோன கதை என்கிற பொருளில் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதித் தன் துறைக்காரர்களையே அதிரவைத்தார். நிஜ வாழ்க்கையில் பிரச்சினைகள் தனித்தனியாக வெட்டி வைக்கப்பட்டிருப்பதில்லை, ஒன்றோடு ஒன்று சிக்கிக் குழம்பிக் கிடக்கின்றன. நீங்களோ கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற பிரச்சினையைத் தேடுகிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. இன்னொரு பக்கம், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசனின் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்புகளை என்.பி.டி.இ.எல். வழியாக இலவசமாகவே யூடியூபில் பார்க்கலாம். பழைய வீடியோக்களில் வெறும் கரும்பலகையும் சாக்பீஸும்தான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவர் புண்ணியத்தில் தேறியவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இருந்தால் மாடல் புரிந்துவிடும் என்றும் இல்லை, இல்லாவிட்டால் புரியாது என்றும் இல்லை. பிர்ஷ்டைனுக்குக் காகிதமும் ஃபாரஸ்டருக்குப் பென்சிலும் போதுமானதாக இருந்தன.

சரி, செஞ்சிக்குத் திரும்புவோம். கோட்டைக்கு இல்லை, ஊருக்குள். அங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் சுற்று வட்டாரத்திலிருந்து நெல் மூட்டைகள் டிராக்டரிலும் மினி லாரியிலும் வந்து குவியும். ஏலம், எடை, சாக்கு மாற்றுவது, லாரியில் ஏற்றுவது. இடம் போதாத நாளில் மூட்டைகள் திறந்தவெளியில் இருக்கும். மேலே தார்ப்பாய், பக்கத்தில் துண்டை விரித்து விவசாயி. ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் பாடத்தின் பத்து அத்தியாயங்களும் அந்த ஒரு வளாகத்துக்குள் இருக்கின்றன.

ஒரு விளையாட்டு மாடல் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் கற்பனை, கணக்கு மட்டும் நிஜம். ஒரு நாளைக்கு 4000 மூட்டை எடை போட முடியும் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் சனி வரை வருவது 2000, 6000, 3000, 7000, 2000, 4000. மொத்தம் 24,000. ஆறு நாளில் எடை போடக்கூடியதும் 24,000. சராசரி பார்க்கிறவருக்குப் பிரச்சினையே இல்லை, சரிக்குச் சரி. எக்செலில் நாள்வாரியாக ஓட்டினால் கதை வேறு. திங்களன்று பாதி நேரம் தராசு சும்மா இருக்கிறது. அந்த நேரத்தைச் சேமித்து வைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. செவ்வாய் இரவு 2000 மூட்டை மிச்சம். புதன் 1000. வியாழன் 4000. வெள்ளி 2000. சனிக்கிழமை முடிந்தும் 2000 மூட்டை வெளியே. திங்களன்று வீணான அதே 2000! ஒரு மூட்டை ஓர் இரவு காத்திருப்பதை ஒன்று என்று எண்ணினால், அந்த வாரத்தில் மொத்தம் 11,000.

இப்போது எடை போடும் திறனை 4000-லிருந்து 4500 ஆக்குங்கள். எட்டில் ஒரு பங்குதான் கூடுதல். மறுபடி ஓட்டினால் செவ்வாய் இரவு 1500, வியாழன் இரவு 2500, மற்ற இரவுகளில் ஒன்றும் இல்லை. மொத்தக் காத்திருப்பு 4000. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. கூடுதல் திறன் சிறிது, குறைந்த காத்திருப்போ பெரிது. காகிதத்தில் சூத்திரமாகப் படித்தால் இது கண்ணில் படாது. ஓர் எண்ணை மாற்றி என்டர் தட்டிப் பார்க்கிறவனுக்குத் தூக்கிவாரிப் போடும்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 4500 வைத்தால் வாரத்துக்கு 27,000 மூட்டைக்கான திறன் இருக்கிறது, நடப்பது 24,000. மீதி 3000 ‘ஐடில் கெபாசிட்டி’. காஸ்ட் அக்கவுன்டிங் வகுப்பில் இதை நஷ்டம், பாதக வேறுபாடு என்று சிவப்பு மையில் எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பக்கத்து வகுப்பில் ஆபரேஷன்ஸ் ஆசிரியர், அந்தச் சும்மா நேரத்தைக் கொடுத்துத்தான் 7000 இரவுகளை வாங்கியிருக்கிறோம் என்கிறார். ஒரே எண், இரண்டு பாடம், இரண்டு தீர்ப்பு. இரண்டு ஆசிரியர்களும் ஸ்டாஃப் ரூமில் சேர்ந்து டீ குடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். தராசுக்காரரின் கணக்குப் புத்தகத்தில் சும்மா நேரம் செலவாகத் தெரியும். விவசாயி கழித்த இரவுக்கு அந்தப் புத்தகத்தில் கணக்குத் தலைப்பே கிடையாது. மாடலில் எந்தப் பத்தியைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதில் யாருடைய செலவு கணக்கில் வருகிறது என்பதும் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். அதே ஆறு எண்களை வரிசை மாற்றி, பெரியதிலிருந்து சிறியதாக வரவிடுங்கள்: 7000, 6000, 4000, 3000, 2000, 2000. திறன் பழையபடி 4000. இந்தத் தடவை சனிக்கிழமை இரவு ஒரு மூட்டைகூட மிச்சமில்லை, தராசு ஒரு நாளும் சும்மா இல்லை. வார அறிக்கை பளிச்சென்று இருக்கும். ஆனால் நடுவில் 3000, 5000, 5000, 4000, 2000 என்று காத்திருப்பு 19,000 இரவுகள். வார முடிவில் மட்டும் எட்டிப் பார்க்கிற மேலதிகாரிக்கு இந்த வாரம்தான் நல்ல வாரம். மூட்டையோடு படுத்திருந்தவரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இதைச் செய்ய ஸ்டான்ஃபோர்டின் சந்தா வேண்டாம். லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலும் சால்வர் உண்டு. வேண்டியது ஒரு வாரம் விற்பனைக்கூடத்தின் வாசலில் நின்று வருகிற மூட்டைகளை எண்ணுவது. எண்ணும்போதுதான் தெரியும், மூட்டைகள் ஒவ்வொன்றாக வருவதில்லை, வண்டி வண்டியாக வருகின்றன என்று; அதிகாலையில் ஒரு கும்பல், பிறகு ஓய்வு என்று; எடையை விடச் சாக்குக்காக நிற்கும் நேரம் அதிகமாக இருக்கலாம் என்று. அப்படியானால் தராசை அதிகப்படுத்தி என்ன பிரயோஜனம்? இந்தக் கேள்வி டோராவில் இருந்து வராது.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ அரண்கள் என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்று செஞ்சி. இனிக் களஞ்சியத்துக்குள் சத்தம் போட்டுப் பார்க்கிறவர்கள் இன்னும் அதிகமாக வருவார்கள். வாகனங்கள் நிற்கவும் டிக்கெட் எடுக்கவும் வரிசை நீளும். அதுவும் ஒரு நல்ல கணக்கு.

மேலே போட்ட விற்பனைக்கூட மாடலில் ஒரு பத்தி விட்டுப்போயிருக்கிறது. மழை. வியாழன் இரவு 4000 மூட்டை வெளியே இருக்கும்போது பெய்தால் ஒரு விளைவு, புதன் இரவு 1000 இருக்கும்போது பெய்தால் வேறு. எக்செலில் அந்தப் பத்தியைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். செஞ்சிப் பக்கம் நெல் போடும் வீட்டிலிருந்து படிக்க வந்த பெண் யாராவது வகுப்பில் இருந்தால், ஆசிரியர் கேட்பதற்கு முன்பே அதைச் சேர்த்திருப்பாள்.